சூரியன் பார்க்கும் கறுப்பு

கல்யாண வீட்டில் தேங்காயும் வெற்றிலையும் போட்டுக் கொடுக்கும் மஞ்சள் பை எல்லார் வீட்டிலும் ஒன்றிரண்டு கிடக்கும். அதில் அச்சாகியிருக்கும் மணமக்கள் பெயரைப் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். எழுத்தின் ஓரம் நேராக இருக்காது; நுணுக்கமான பல்வரிசை தெரியும். அது வலைத்துணியின் கண்கள் விட்ட தடம். திருநெல்வேலி ஜங்ஷனிலோ டவுனிலோ உள்ள ஏதோ ஒரு ஸ்கிரீன் பிரிண்டிங் கடையில் அச்சான பை. மையை இழுத்தது மனிதக் கை. எழுத்தை வலையில் பதித்தது வெயில்.

செய்முறை எளிது. சட்டத்தில் விறைப்பாக இழுத்துக் கட்டிய வலையில் பைக்ரோமேட் கலந்த எமல்ஷனை வெளிச்சம் குறைந்த அறையில் பூசி, மின்விசிறிக்கு அடியில் காயவைப்பார்கள். காய்ந்ததும் அதன்மேல் டிரேசிங் பேப்பரில் கறுப்பாக அச்செடுத்த ‘பாசிட்டிவ்’, அதற்குமேல் ஒரு கண்ணாடி. ஒளிப்பெட்டி வைத்திருக்கும் கடையில் அதற்குள் வைப்பார்கள். இல்லாத கடையில் மாடிக்குத் தூக்கிக்கொண்டு போய் வெயிலில் காட்டுவார்கள். பிறகு தண்ணீரைப் பீய்ச்சினால் வெளிச்சம் பட்ட இடமெல்லாம் இறுகி நிற்கும். கறுப்பு எழுத்து மறைத்த இடம் மட்டும் கரைந்து ஓடிவிடும். அந்த வழியாகத்தான் மை துணிக்கு இறங்குகிறது.

இந்தக் கடைக்காரர் தன்னை ஒளிப்படக்காரர் என்று சொல்லிக்கொள்ள மாட்டார். ஆனால் அவர் செய்வது ஒளிப்படக்கலையின் மிகப் பழைய வேலைகளில் ஒன்று. பைக்ரோமேட் தோய்த்த காகிதம் வெயிலில் நிறம் மாறுவதை 1839-ல் ஸ்காட்லாந்துக்காரர் மங்கோ பான்டன் எழுதினார். அதே வேதிப்பொருள் கோந்தையும் ஜெலட்டினையும் இறுகச் செய்கிறது என்பதை வைத்து 1855-ல் பிரான்சில் அல்ஃபோன்ஸ் புவாத்வான் படமே அச்சிட்டார். மஞ்சள் பைக்கும் அவருக்கும் நடுவே இருப்பது ஒரே ஒரு வித்தியாசம். பைக்கு ‘உண்டு, இல்லை’ என்ற இரண்டு பதில் போதும். ஒரு முகத்தை அச்சிட வேண்டுமென்றால் கன்னத்தின் மேட்டிலிருந்து கழுத்தின் நிழல்வரை வெளிச்சம் படிப்படியாக இறங்க வேண்டும். அந்தப் படிகளை ஒரு சாதாரண இங்க்ஜெட் பிரிண்டரைக் கொண்டு உண்டாக்க முடியுமா? முடியும். எப்படி என்பதுதான் இந்த அத்தியாயம்.

பழைய அச்சு முறைகள் பல உண்டு. எல்லாவற்றிலும் எளியது சயனோடைப். வானியலாளர் ஜான் ஹெர்ஷல் 1842-ல் கண்டுபிடித்தார். அடுத்த ஆண்டு அக்டோபரில் அன்னா அட்கின்ஸ் என்ற பெண்மணி கடற்பாசிகளை நேரடியாகக் காகிதத்தின்மேல் வைத்து வெயிலில் காட்டி, நீலப் படங்களாலான நூலின் முதல் பகுதியை வெளியிட்டார். ஒளிப்படங்களைக் கொண்டு உருவான முதல் நூல் என்று அதைத்தான் சொல்கிறார்கள். தாமிரபரணியின்மேல் சுலோசன முதலியார் பாலம் திறக்கப்பட்டதும் 1843-ல்தான். இரண்டுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. ஆண்டு மறக்காமல் இருக்க நெல்லைக்காரர்களுக்கு உதவும், அவ்வளவுதான். பிற்பாடு அதே நீலம் பொறியாளர்களின் மேசைக்குப் போய் ‘ப்ளூ பிரிண்ட்’ ஆனது. நீலத்தை அம்மோனியா பிரிண்ட் விரட்டியது, அம்மோனியாவைக் கணினி பிளாட்டர் விரட்டியது.

சயனோடைப்புக்கு வேண்டியவை இரண்டு உப்புகள்: ஃபெரிக் அமோனியம் சிட்ரேட், பொட்டாசியம் ஃபெரிசயனைடு. முதலாவதை 25 சதவீதக் கரைசலாகவும் இரண்டாவதை 10 சதவீதக் கரைசலாகவும் கரைத்து, சம அளவு கலந்து, காகிதத்தில் தூரிகையால் பூசி, இருட்டில் காயவைக்க வேண்டும். காய்ந்த தாள் பச்சை கலந்த மஞ்சளாக இருக்கும். வெயிலின் புற ஊதாக் கதிர் பட்டதும் சிட்ரேட்டிலிருந்து ஓர் எலக்ட்ரான் இரும்புக்குத் தாவுகிறது. மூன்று நேர்மின்னேற்றம் கொண்ட இரும்பு இரண்டாகக் குறைகிறது. குறைந்த இரும்பு ஃபெரிசயனைடோடு சேர்ந்ததும் பிரஷ்ய நீலம் பிறக்கிறது. இந்த நீலம் தண்ணீரில் கரையாது. மாறாத உப்புகள் கரையும். ஆகவே டெவலப்பர், ஹைப்போ எதுவும் வேண்டாம், குழாய்த் தண்ணீர் போதும். ஃபெரிசயனைடு என்ற பெயரைக் கேட்டு மிரள வேண்டியதில்லை. சயனைடு இரும்போடு இறுக்கமாகக் கட்டுண்டு கிடக்கிறது. கடும் அமிலத்தோடு சேர்த்தால், அதிலும் காய்ச்சினால், நச்சு வாயு வெளிவரும். அதைச் செய்யாதீர்கள்.

இந்த எளிமைக்கு ஒரு விலை உண்டு. சாதாரண ஃபிலிமில் வெள்ளி உப்பின்மேல் சில ஒளித்துகள்கள் பட்டால் போதும். டெவலப்பர் அந்தச் சிறு தடத்தைக் கோடிக்கணக்கான மடங்கு பெருக்கிக் கொடுத்துவிடும். இரும்பு உப்பில் அப்படிப் பெருக்கிக் கொடுப்பவர் யாரும் இல்லை. எத்தனை ஒளித்துகள் வேலை செய்கிறதோ அவ்வளவுதான் நீலம். அதனால் சிறு நெகட்டிவைப் பெரிதாக்கிக் காட்டும் இருட்டறை என்லார்ஜரின் பல்பு இதற்கு உதவாது. அதில் புற ஊதா அறவே போதாது. நெகட்டிவைத் தாளோடு ஒட்டி வைத்து வெயிலில் காட்டுவது ஒன்றே வழி. அப்படியானால் 10 அங்குலப் படம் வேண்டுமென்றால் நெகட்டிவும் 10 அங்குலம் இருக்க வேண்டும்.

19-ஆம் நூற்றாண்டில் இதற்கு ஒரே விடை பெரிய கேமரா. நம் பக்கத்தில் அதைச் சுமந்து அலைந்தவர் லின்னேயஸ் ட்ரைப். சென்னை மாகாண அரசின் ஒளிப்படக்காரராக 1857 கடைசியில் கிளம்பி சேலம், திருச்சி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் என்று மாட்டு வண்டிகளில் கருவிகளோடு சுற்றினார். அவருடைய தொகுப்புகளில் தாமிரபரணிக் கரை இல்லை. மதுரையோடு தெற்கு முடிந்துவிடுகிறது. அவர் பெரும்பாலும் பயன்படுத்தியது மெழுகூட்டிய காகித நெகட்டிவ். தஞ்சைப் பெரிய கோயிலின் அதிட்டானக் கல்வெட்டுகளை 21 நெகட்டிவ்களில் எடுத்து, அச்சுகளை ஒட்டி ஏறத்தாழ 19 அடி நீளப் படமாக்கினார். 1860-ல் அரசு இது வீண் ஆடம்பரம் என்று அந்தப் பிரிவையே மூடியது தனிக் கதை.

நமக்கு வேண்டியது அவருடைய இன்னொரு பழக்கம். அந்தக் கால நெகட்டிவ் நீல ஒளியை மட்டும் அளவுக்கு மீறி உறிஞ்சும். அச்சில் வானம் வெறும் வெள்ளையாக வந்துவிடும். ட்ரைப் நெகட்டிவின்மேல் நிறமியைத் தூரிகையால் தொட்டு வைத்து மேகங்களை வரைந்தார். எங்கே எவ்வளவு வெளிச்சம் இறங்க வேண்டும் என்பதை மை கொண்டு தீர்மானித்தார். இன்றைய பிரிண்டர் செய்வதும் அதைத்தான். ஒரு துளிக்குச் சில பிக்கோலிட்டர் மை. நொடிக்கு ஆயிரக்கணக்கான துளிகள். தூரிகை மாறியிருக்கிறது, வேலை மாறவில்லை.

கணினியிலிருந்து நெகட்டிவ் எடுக்கும் வழியை முறையாக எழுதி வைத்தவர் அமெரிக்க ஒளிப்படக்காரர் டேன் பர்க்ஹோல்டர். அவருடைய நூல் 1995-ல் வந்தது. முதலில் அவர் நம்பியது இங்க்ஜெட்டை அல்ல. ஆஃப்செட் அச்சகங்களில் பிளேட் தயாரிக்க ஃபிலிம் எடுக்கும் இமேஜ்செட்டர் இயந்திரத்தை. இங்கே சிவகாசிக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. காலண்டர் சாமி படங்களுக்கு நான்கு வண்ண ஃபிலிம் எடுத்துப் பிரித்த கை அது. பிறகு கணினியிலிருந்து நேரே பிளேட்டுக்குப் போகும் முறை வந்ததும் ஃபிலிம் எடுக்கும் இயந்திரங்கள் மூலைக்குப் போயின. அதே காலத்தில் மேசை இங்க்ஜெட் பிரிண்டர்கள் தேறிவிட்டன. ஒளி ஊடுருவும் ஷீட்டில் நேரடியாக நெகட்டிவ் அச்சிடுவது அப்படித்தான் வழக்கத்துக்கு வந்தது.

வேலையை முதன்முதலில் தொடங்குகிறவர் செய்வது என்ன? படத்தைக் கறுப்பு வெள்ளை ஆக்குகிறார். வெளுப்பைக் கறுப்பாகவும் கறுப்பை வெளுப்பாகவும் திருப்பிப் போடுகிறார். இடவலம் மாற்றுகிறார், மைப்பக்கம் தாளின் பூச்சோடு முகத்துக்கு முகம் ஒட்ட வேண்டும் என்பதால். தலைகீழாக வைத்தால் ஷீட்டின் தடிமனுக்குள் வெளிச்சம் கசிந்து கூர்மை போய்விடும். அச்செடுத்த ஷீட்டை ஜன்னலுக்கு நேரே பிடித்துப் பார்க்கிறார். அருமையான நெகட்டிவ். வெயிலில் காட்டிக் கழுவினால் தாள் முழுக்க ஒரே நீலம். நடுவில் மங்கலாக ஏதோ தெரிகிறது.

காரணம் எளிதானது, ஆனால் மனம் ஒப்புக்கொள்ள நேரமாகும். அந்த நெகட்டிவை மதிப்பிட்டது கண். கண்ணுக்கு 400 நானோமீட்டருக்குக் கீழே எதுவும் தெரியாது. சயனோடைப் தாளோ பெரும்பாலும் 400-க்குக் கீழே உள்ளதைத்தான் பார்க்கிறது. நாம் கறுப்பு என்று நினைப்பது சூரியனுக்குக் கறுப்பாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

மலிவான டேங்க் பிரிண்டர்களில் பெரும்பாலும் சாய மை இருக்கும். கண்ணுக்குத் தெரியும் நிறங்களை விழுங்கத்தான் அந்தச் சாயங்களைத் தேர்ந்தார்கள். புற ஊதாவை விழுங்க வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. அதனால் கருகருவென்று தெரியும் இடத்திலும் புற ஊதா தாராளமாகப் புகுந்து போகலாம். நிறமி மையில், குறிப்பாகக் கரித்தூள் கலந்த கறுப்பில், இந்த வஞ்சகம் குறைவு. கரி எல்லா அலைநீளத்தையும் தின்னும். இன்னொரு சிக்கல்: பல பிரிண்டர்கள் பளபளப்பான தாள் என்று சொன்னதும் கறுப்பு மையைத் தொடாமல் மற்ற மூன்று வண்ணங்களைக் கலந்து கறுப்பு காட்டிவிடும்.

இதை ஒரே ஷீட்டில் கண்டுபிடித்துவிடலாம். சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், பச்சை, நீலம், ஊதா என்று எல்லா நிறங்களிலும் சிறு கட்டங்களை அச்சிட்டு, பூசிய தாளின்மேல் வைத்து வெயில் காட்டிக் கழுவுங்கள். பல மைகளில் முடிவு தலைகீழாக இருக்கும். இருட்டாகத் தெரிந்த நீலக் கட்டத்தின் கீழே தாளும் நீலமாகிவிடும். அதாவது புற ஊதா தடையின்றிப் போயிருக்கிறது. பக்கத்தில் இளம்பச்சைக் கட்டம், கண்ணுக்கு வெளிச்சமாக இருந்தது, அதன் கீழே தாள் வெள்ளையாகவே இருக்கும். மஞ்சள் சாயம் நீலத்தையும் அதற்கு அப்பால் உள்ள புற ஊதாவையும் சேர்த்து விழுங்குவதே காரணம். எந்தக் கட்டத்தின் கீழே தாள் அதிக வெள்ளையோ, அந்த நிறத்தில் நெகட்டிவை அச்சிடுகிறவர்கள் உண்டு. கரும்பச்சையில் ஒரு பாட்டியின் முகம், பார்க்க விசித்திரமாக இருக்கும். சூரியனுக்கு அது நல்ல நெகட்டிவ்.

ஷீட் விஷயத்தில் கறாராக இருங்கள். ஜெராக்ஸ் கடையில் கிடைக்கும் சாதாரண ஓஹெச்பி ஷீட்டில் இங்க்ஜெட் மை ஒட்டாது. துளித்துளியாகத் திரண்டு கையில் வரும். மையைக் குடிக்கும் நுண்துளைப் பூச்சு உள்ள இங்க்ஜெட் ஷீட்தான் வேண்டும். ஸ்கிரீன் பிரிண்டிங் சாமான் விற்கும் இடங்களில் பால்நிறத்தில் ஒரு ஷீட் கிடைக்கும். பூச்சுப் பக்கத்தை ஈர விரலால் தொட்டால் ஒட்டும். செலவு செய்யத் தயங்குகிறவர்களுக்கு ட்ரைப்பின் வழி இருக்கிறது: சாதாரண ஏ4 தாளில் நெகட்டிவை அச்சிட்டு, பின்பக்கம் எண்ணெய் தடவி, நன்றாகத் துடைத்துவிட்டால் தாள் ஒளி ஊடுருவும்படி ஆகிவிடும். வெயிலில் கூடுதல் நேரம் வைக்க வேண்டும். தாளின் நார்கள் படத்தில் மெல்லிய மணல்போலத் தெரியும். கல் சிற்பத்துக்கு அது அழகாகவே இருக்கிறது. முகத்துக்கு வேண்டாம்.

*

இப்போது அளவைக்கு வருவோம். மையின் தடுக்கும் திறனை அடர்த்தி என்ற எண்ணால் சொல்வார்கள். அது மடக்கை அளவு. அடர்த்தி 0.3 என்றால் பாதி வெளிச்சம் மட்டும் போகும், 0.6 என்றால் கால்வாசி, 1.5 என்றால் 32-ல் ஒரு பங்கு, 2.1 என்றால் 126-ல் ஒரு பங்கு. ஒவ்வொரு அச்சு முறையும் வெள்ளையிலிருந்து முழுக் கறுப்புவரை போக இவ்வளவு இடைவெளி வேண்டும் என்று கேட்கும். இருட்டறையின் வெள்ளி உப்புத் தாளுக்கு 1.1 போல இருந்தால் போதும். சயனோடைப் அதைவிடக் கூடுதலாகக் கேட்கும். பின்னால் வரப்போகும் உப்பு அச்சு 2-ஐத் தாண்டிக் கேட்கும். நெகட்டிவின் இடைவெளி இதைவிடக் குறைவாக இருந்தால் படம் சோகை பிடித்தாற்போல் வரும். கூடுதலாக இருந்தால் சுண்ணாம்பு அடித்த வெள்ளையும் அடர்நீலமும்தான் மிஞ்சும், நடுவில் ஒன்றும் இருக்காது.

தாமிரபரணியில் எட்டு அணைக்கட்டுகள் இருக்கின்றன; ஒவ்வொன்றிலிருந்தும் கால்வாய், கால்வாயிலிருந்து மடை, மடையிலிருந்து வயல். எந்த மடையை எத்தனை விரற்கடை தூக்கினால் எந்த வயல் எவ்வளவு நேரத்தில் நிறையும் என்பது நீர்ப்பாய்ச்சிக்குத் தெரியும். நெகட்டிவ் என்பது லட்சக்கணக்கான மடைகள் வைத்த ஒரு ஷீட். எல்லா மடைகளையும் ஒரே நேரத்தில் திறந்து ஒரே நேரத்தில் மூடுகிறோம். ஆகவே எந்த வயலுக்கு எவ்வளவு என்பதை முன்கூட்டியே மையில் கணக்குப் போட்டு வைத்தாக வேண்டும்.

கணக்குப் போடுவது இரண்டு கட்டம். முதல் கட்டத்தில் நேரத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். பூசிய தாளின் ஒரு பாதியை வெறும் ஷீட்டால், மை எதுவும் இல்லாத ஷீட்டால், மூடுங்கள். மேலே ஓர் அட்டையை வைத்து நகர்த்தி நகர்த்தி 2, 3, 4, 6, 8, 12 நிமிடம் என்று பட்டை பட்டையாக வெயில் காட்டுங்கள். கழுவிக் காய்ந்த பிறகு பாருங்கள். ஷீட்டுக்குக் கீழே உள்ள நீலம், எந்தப் பட்டைக்கு மேல் இனிக் கருக்கவில்லையோ அதுதான் உங்கள் நேரம். அதற்குக் குறைந்தால் நிழல்கள் வலுவிழக்கும். அதற்குக் கூடினால் வெள்ளைப் பகுதிகளிலும் நீலம் ஏறும். வெயில் அதேபோல இருக்கும்வரை அந்த நேரத்தை அதன்பின் மாற்றக்கூடாது. படம் சரியில்லை என்றால் மாற்ற வேண்டியது கோப்பை, கடிகாரத்தை அல்ல. பழைய இருட்டறைப் பழக்கத்தில் வந்தவர்களுக்கு இதை ஏற்றுக்கொள்வது கஷ்டம்.

அடுத்து படிப்பட்டை. மையின் அளவை 0-விலிருந்து 100 சதவீதம் வரை ஐந்தைந்தாகக் கூட்டி 21 கட்டங்களை அச்சிடுங்கள். கண்டுபிடித்த நேரத்துக்கு வெயில் காட்டிக் கழுவுங்கள். முதல் தடவை பெரும்பாலும் இப்படித்தான் வரும்: முதல் ஐந்தாறு கட்டங்கள் ஒரே கருநீலம், கடைசி நாலைந்து கட்டங்கள் ஒரே வெள்ளை, ஏற்ற இறக்கம் முழுவதும் இடையில் உள்ள பத்துக் கட்டத்துக்குள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். கிருஷ்ணாபுரம் கோயில் சிற்பம் ஒன்றின் படத்தை இந்த நிலையில் அச்சிட்டால், தோளில் வெயில் பட்ட இடத்தில் கல்லின் சொரசொரப்பே காணாமல் போகும். இடுப்பு ஆடையின் மடிப்புகள் நீலத்துக்குள் மூழ்கிவிடும்.

பிரிண்டரைக் குறை சொல்ல முடியாது. வெள்ளைத் தாளில் மையை வைத்து, கண்ணால் பார்க்கும்போது படிகள் சீராகத் தெரியும்படி அதைத் தயாரித்திருக்கிறார்கள். தாளில் வெளிச்சம் மையைக் கடந்து போய், தாளில் பட்டுத் திரும்பி, இன்னொரு முறை மையைக் கடந்து வருகிறது. ஷீட்டில் ஒரு தடவைதான் கடக்கிறது. போதாததற்கு அது கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம்.

படிப்பட்டையை ஸ்கேன் செய்து ஒவ்வொரு கட்டத்தின் வெளுப்பையும் எண்ணாகப் படித்துக்கொண்டால், கேட்டது என்ன, கிடைத்தது என்ன என்ற அட்டவணை கையில் இருக்கும். நடு நீலம் 50 சதவீதக் கட்டத்தில் விழ வேண்டியது 40-ல் விழுந்திருந்தால், 50 கேட்கும் இடத்தில் 40 கொடு என்று எழுதிக்கொள்ள வேண்டியதுதான். இப்படி எல்லாக் கட்டங்களுக்கும் எழுதிச் சேர்த்த கோடுதான் திருத்த வளைகோடு. ஃபோட்டோஷாப்பிலோ இலவசமான கிம்ப் மென்பொருளிலோ ‘கர்வ்ஸ்’ என்ற இடத்தில் அதைப் போட்டுச் சேமித்துக்கொள்ளலாம். கோப்பை 16 பிட்டில் வைத்திருப்பது அவசியம். 8 பிட்டில் இருப்பது 256 படிகள்தான், வளைத்து நீட்டினால் வானத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழும். திருத்திய கோப்பில் படிப்பட்டையை மறுபடி அச்சிட்டுப் பார்த்தால் 21 கட்டங்களும் தனித்தனியாகப் பிரிந்து நிற்கும். சிற்பத்தின் தோளில் உளித்தடம் தெரியும்.

இணையத்தில் ஆயிரம் பேர் தங்கள் வளைகோட்டைப் பகிர்ந்திருக்கிறார்கள். பதிவிறக்கிப் பயன்படுத்த மனம் துடிக்கும். என் கருத்து: வேண்டாம். பிரிண்டரும் மையும் ஒன்றாகவே இருந்தாலும் சூரியன் ஒன்றல்ல. திருநெல்வேலி 8.7 பாகை வட அட்சத்தில் இருக்கிறது. ஏப்ரல் இரண்டாம் வாரத்திலும் ஆகஸ்ட் கடைசியிலும் உச்சிவேளையில் சூரியன் நேர் தலைக்குமேல் நிற்கும். நட்டு வைத்த கம்புக்கு நிழல் இருக்காது. நடு மார்கழியில்கூட மதியச் சூரியன் 58 பாகை உயரத்தில் இருக்கும். அதே டிசம்பரில் லண்டன் மதியச் சூரியனின் உயரம் 15 பாகை. அந்த வெளிச்சம் நம்முடையதைவிட மூன்று மடங்குக்கும் அதிகமான காற்றைக் கடந்து வர வேண்டும், புற ஊதாவின் பெரும்பங்கு வழியிலேயே சிதறிவிடும். மேலை நாட்டுப் புத்தகத்தில் எழுதிய நேரத்தை ஏப்ரல் மாதம் பாளையங்கோட்டை மாடியில் பின்பற்றினால் படம் கருகியே வரும்.

நம் ஊருக்குள்ளேயும் வித்தியாசம் இருக்கிறது. ஆடி மாதம் அம்பாசமுத்திரம், பாபநாசம் பக்கம் மேற்கு மலையிலிருந்து மேகம் வந்துகொண்டே இருக்கும். சாரல் நின்று வெயில் அடிப்பதற்குள் அடுத்த மேகம் வந்துவிடும். அதே நேரம் திருநெல்வேலியில் காய்கிற வெயில். வெயில் இப்படி மாறும் நாளில் கடிகாரத்தை நம்பாமல் தாளைப் பார்த்து முடிவு செய்ய ஒரு வழி இருக்கிறது. அச்சுச் சட்டத்தின் பின்பலகை இரண்டாக மடியும்படி இருந்தால், ஒரு பாதியைத் திறந்து தாளை எட்டிப் பார்க்கலாம். மறு பாதி நெகட்டிவை நகராமல் பிடித்துக்கொள்ளும். நெகட்டிவுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஓரத்தில் மஞ்சள் முதலில் பச்சையாகும், பிறகு நீலமாகும், பிறகு வெள்ளி பூத்தாற்போலச் சாம்பல் ஏறும். படத்தின் அடர்நிழல்களிலும் அந்தச் சாம்பல் எட்டிப் பார்க்கும்போது எடுத்துவிட வேண்டும். சட்டத்துக்குச் சாதாரண ஜன்னல் கண்ணாடி போதும். கார் முன்கண்ணாடி போல நடுவே பிளாஸ்டிக் வைத்து ஒட்டிய கண்ணாடி வேண்டாம். அது புற ஊதாவை நிறுத்திவிடும்.

வெயிலே வேண்டாம், பெட்டி செய்துகொள்கிறேன் என்கிறவர்கள் 365 முதல் 400 நானோமீட்டர் வரையிலான எல்இடி விளக்குகளை வாங்கிக்கொள்ளலாம். வெளிச்சத்தின் அளவு மாறாது, இரவிலும் வேலை நடக்கும். விளக்கை நேரே பார்க்கக் கூடாது, அவ்வளவுதான்.

*

தண்ணீரையும் காகிதத்தையும் சொல்லாமல் விட முடியாது. பிரஷ்ய நீலத்துக்குக் காரம் ஆகாது. காரத்தில் அது சிதைந்து மஞ்சள் நிற இரும்பு ஹைட்ராக்சைடாகிவிடும். தெரு நல்லியில் வரும் தாமிரபரணித் தண்ணீரில் கழுவினால் பெரும்பாலும் தொல்லையில்லை. வாளியில் வெள்ளைப் படலம் படியும் போர்த் தண்ணீரில் கழுவினால் நீலம் கண்ணெதிரே வெளுக்கும். ஒரு லிட்டருக்கு ஒரு சிட்டிகை சிட்ரிக் அமிலம் சேர்த்துக் கழுவினால் சரியாகும். காகிதத்திலும் இதே சங்கதி. நீண்ட காலம் மஞ்சளாகாமல் இருக்க இன்றைய நல்ல காகிதங்களில் சுண்ணாம்பு சேர்க்கிறார்கள். கடிதம் எழுத அது நல்லது, நமக்குப் பகை. சுண்ணாம்பு சேர்க்காத பருத்திக் கைக்காகிதம் உத்தமம். புதுச்சேரி ஆசிரமக் காகிதம் போன்றவற்றை வாங்கி முதலில் ஒரு துண்டில் சோதித்துப் பாருங்கள்.

நீலமே பிடிக்காதவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கடுக்காய் இருக்கிறது. காய்ந்த நீல அச்சைச் சலவைச் சோடாக் கரைசலில் போட்டால் படம் வெளிறி மஞ்சளாகும். நன்றாக அலசி, கடுக்காய்க் கஷாயத்தில் ஊறவைத்தால் அதே இரும்பு, கடுக்காயின் டானினோடு சேர்ந்து பழுப்பும் கறுப்புமாகத் திரும்பி வரும். நம் முன்னோர் மை காய்ச்சிய அதே வேதியியல்.

உப்பு அச்சுக்கு நம் பகுதி இன்னும் வசதி. ஆறு போய்ச் சேரும் தூத்துக்குடிக் கடற்கரை முழுக்க உப்பளம். அயோடின் சேர்க்காத கல் உப்பை 2 சதவீதக் கரைசலாக்கிக் காகிதத்தில் ஏற்றி, காய்ந்தபின் சில்வர் நைட்ரேட் பூசினால் டால்பாட் 1830-களில் செய்த தாள் தயார். வெயிலிலேயே செம்பழுப்புப் படம் எழும். நிழல் பகுதியில் முதலில் உண்டாகும் வெள்ளி, தனக்குக் கீழே வெளிச்சம் போகவிடாமல் தானே குடை பிடித்துக்கொள்கிறது. ஆகவேதான் இந்த முறைக்கு அவ்வளவு அடர்த்தியான நெகட்டிவ் வேண்டும். சில்வர் நைட்ரேட் விரலில் பட்டால் நாள்கணக்கில் கறுப்பு போகாது, கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம்.

புவாத்வான் வழியில் வந்த கோந்து பைக்ரோமேட் முறையை நான் பரிந்துரைக்க மாட்டேன். வண்ணப் படம் வரும், அழகாக வரும், உண்மைதான். ஆனால் பைக்ரோமேட்டில் உள்ள ஆறு இணைதிறன் குரோமியம் புற்றுநோய் உண்டாக்கும்; ஐரோப்பிய ஒன்றியம் 2017 முதல் சிறப்பு அனுமதி இல்லாமல் அதைப் பயன்படுத்தவே விடுவதில்லை. வீட்டுச் சாக்கடை கடைசியில் எந்த ஆற்றுக்குப் போகிறது என்று நமக்குத் தெரியும். ஸ்கிரீன் பிரிண்டிங் கடைகளும் பைக்ரோமேட் இல்லாத எமல்ஷனுக்கு மாறலாம், கடைகளில் கிடைக்கிறது.

இதெல்லாம் எதற்கு, செல்பேசியிலேயே படம் இருக்கிறதே என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் அருகிவரும் ஆவணங்கள் திட்டத்தின் உதவியோடு, தமிழ்நாட்டின் பழைய ஸ்டுடியோ படங்களைத் தேடி மின்மயமாக்கியது. தேடாமல் விட்ட ஸ்டுடியோக்களின் பரணில் இன்னும் எத்தனையோ கண்ணாடி நெகட்டிவ்கள் கிடக்கும். அசலை மறுபடி மறுபடி வெயிலில் வைத்து அச்செடுப்பது ஆபத்து. ஒருமுறை ஸ்கேன் செய்துவிட்டால், அதிலிருந்து ஷீட்டில் அச்சிடும் நெகட்டிவ் கிழிந்தாலும் கறைபட்டாலும் இன்னொன்று அச்சிட்டுக்கொள்ளலாம். அசலைத் தொட வேண்டாம். உங்கள் தாத்தாவின் கல்யாணப் படத்துக்கும் இது பொருந்தும்.

தொடங்க நினைப்பவர்கள் முதல் ஷீட்டில் படம் அச்சிடாதீர்கள், படிப்பட்டையை அச்சிடுங்கள். பூசிய தாள் முழுதாகக் காய்ந்ததா என்று புறங்கையால் தொட்டுப் பாருங்கள். ஈரம் இருந்தால் நெகட்டிவின் மை தாளில் ஒட்டி இரண்டும் வீணாகும். வளைகோட்டைச் சேமிக்கும்போது கோப்பின் பெயரில் மாதம், காகிதத்தின் பெயர், எந்தத் தண்ணீரில் கழுவினீர்கள் என்ற மூன்றையும் சேர்த்தே எழுதிவையுங்கள்.